பனிச்சறுக்குப் பையும் மூன்றாம் மாடி மாமியும்

விதி தெளிவாகவே இருக்கிறது. விமானப் பயணி தன் பதிவுச் சாமான்களோடு பனிச்சறுக்குச் சாதனங்களைக் கொண்டுசென்றால், ஒரு ஜோடி சறுக்குப் பலகை, ஒரு ஜோடி ஊன்றுகோல், தனிப் பையில் ஒரு ஜோடி பூட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே உருப்படியாகக் கொள்ளப்படும். நீளம் அதிகம் என்பதற்காகத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் பையில் பனிச்சறுக்குச் சாதனம் அல்லாத வேறு எந்தப் பொருள் இருந்தாலும் இந்தச் சலுகை பொருந்தாது, பையும் ஏற்கப்படாது.

அரசுச் செயலகத்தில் முப்பத்தாறு வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாக எழுதப்பட்ட விதி. ‘இயன்றவரை’ என்ற வார்த்தை அதில் இல்லை. ‘தகுந்த நேர்வுகளில்’ என்ற ஓட்டையும் இல்லை. அதை எழுதியவர் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி மாமியைச் சந்தித்ததில்லை என்பது ஒன்றுதான் குறை.

அடையாறில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. நான் முதல் மாடி. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் நானே. வேறு யாரும் மனு கொடுக்கவில்லை. மாமி தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில். இதற்கு மேல் அவரைப் பற்றிய குறிப்புகள் தேவையில்லை. அவரை அடையாளம் காட்ட ஒரே ஒரு பழக்கம் போதும்: வாங்கிய எதையும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்.

கிண்ணத்தில் சர்க்கரை வாங்கினால் திரும்பும்போது அதில் நாலு பழமாவது இருக்க வேண்டும் என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். மாமி அதைப் பாத்திரத்தோடு நிறுத்தவில்லை. சங்கத்து ஏணியை மின்விசிறி துடைக்க வாங்கிப் போனார். மேல் படியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கட்டித் திரும்பி வந்தது. என் ரத்த அழுத்தக் கருவியை வாங்கினார். கைப்பட்டிக்குள் இரண்டு எலுமிச்சம்பழம் சுற்றிக் கொடுத்தார். அன்று என் அழுத்தம் என்னவென்று பார்க்க முடியவில்லை. கருவி முழுக்க எலுமிச்சை வாசனை.

காலி கேஸ் சிலிண்டரைக் காலியாகத்தான் கொடுக்க வேண்டும். வேறு எப்படிக் கொடுப்பது? மாமி அதன் கழுத்து வளையத்துக்குள் ஒரு பொட்டலம் கடலை உருண்டை வைத்துவிடுவார். சிலிண்டர்காரர் மாடிப்படியில் நின்று சத்தமாகவே கேட்பார்:

“இன்னா மாமி, சிலிண்டருக்கே சீர் வெச்சு அனுப்புறியா?”

“வாயை மூடிண்டு எடுத்துண்டு போ. படி பாத்து எறங்கு.”

“போன தபா உருண்டைல வெல்லம் கம்மி.”

“அடுத்த தடவை மொளகாய்ப் பொடி வெக்கறேன்.”

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கூட வைக்க எதுவும் தயாராக இல்லை என்றால், பொருள் திரும்பி வரவே வராது. ஒரு மழைக்காலத்தில் என் குடையை வாங்கிப் போனார். ஏழு வாரம். நான் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். எட்டாவது வாரம், மழையே நின்ற பிறகு, மாடியேறிப் போய்க் கேட்டேன்.

“தரேன் சார், தரேன். நாரத்தங்காய் இன்னும் ஊறலை.”

நாரத்தங்காய் ஊறும்வரை என் குடை பிணையில் இருந்தது.

மகளின் கல்யாணமும் இப்படித்தான் போயிற்று. மகள் அங்கே உடன் வேலை பார்க்கும் கனடாக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளத் தீர்மானித்து, மூன்று வாரம் முன்னால் அம்மாவை அழைத்தாள். மாமிக்கு மாப்பிள்ளை மேல் ஆட்சேபணை இல்லை; தேதி மேல்தான். சம்பந்திக்குப் பட்டு வேஷ்டி இல்லை, பருப்புத் தேங்காய் பிடித்தாகவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. வெறுங்கையோடு போய் நிற்பதா, இரண்டு மாதம் தள்ளிப் போடு என்றார். மகள் தள்ளிப் போடவில்லை. மாமி போகவில்லை. குடியிருப்பில் எல்லோரிடமும் விசா கிடைக்கவில்லை என்று சொன்னார். பத்து வருட விசா அவர் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இருந்தது. அந்த விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். ஆனாலும் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. கேட்கப்படாத தகவலை அளிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள், ஆனால் பண்டிகைகளில் மட்டும். அப்புறம் ஒரு தை மாதம் மகளும் மாப்பிள்ளையும் காஷ்மீரில் ஒரு வாரம் பனிச்சறுக்கு ஆடிவிட்டு, அப்படியே சென்னைக்கு வந்தார்கள். ஐந்து நாள் இருந்தார்கள். மாப்பிள்ளை கொண்டுவந்திருந்த சறுக்குப் பலகை, பூட்ஸ் எல்லாம் அவர் அப்பாவுடையவை. திரும்பும் வழியில் இருவருக்கும் சிங்கப்பூரில் இரண்டு வார அலுவலக வேலை. ஆறடி நீளப் பையோடு அலுவலகம் போக முடியாது. மாசியில் மாமி கனடா போவதாக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. “நீ வர்றப்போ கொண்டு வா. அவர் அப்பாகிட்ட நீயே குடு” என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மாமி என்னிடம் மூன்று முறை சொன்னார். சம்பந்தியை அவர் பார்த்ததே இல்லை. முதல் முறை பார்க்கப் போகிறார், அவருடைய பொருளைத் திருப்பித் தரப் போகிறார்.

ஒரு மாதம் அந்தப் பை அவர் கூடத்து மூலையில் கிடந்தது. வேலைக்கு வரும் அம்மாள் அந்தப் பக்கம் பெருக்கவே மாட்டாள். “அம்மா, இன்னாமா இது, ஆளு படுத்துக்கினு கீற மாறி கீது” என்பாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மாமி என்னைக் கூப்பிட்டார். எடைத் தராசு வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டு பெட்டிகளும் கைப்பையும் மகளுக்கான பொருள்களால் எடை வரம்பைத் தொட்டிருந்தன. பனிச்சறுக்குப் பையில் மட்டும் இடம் இருந்தது. அதாவது, இருந்திருக்க வேண்டும். பலகைகளுக்கு இரண்டு பக்கமும் அப்பளக் கட்டுகள், வடாம், சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல். தியாகராய நகரில் வாங்கிய பட்டு வேஷ்டி, அங்கவஸ்திரம். நடுவில், கல்யாண வீடுகளில் ஜோடியாக வைப்பார்களே, அந்தக் கூம்புகள் இரண்டு: தகரக் கூட்டில் பாகும் கடலையும் அடைத்துப் பிடித்து, வண்ணக் காகிதம் சுற்றிய பருப்புத் தேங்காய்.

நான் விதியை எடுத்துப் படித்துக் காட்டினேன்.

“இதெல்லாம் வெளியூர்க்காராளுக்கு சார்.”

“மாமி, நீங்கதான் வெளியூருக்குப் போறீங்க.”

“கல்யாணத்துக்குக் குடுக்க வேண்டிய சீர். மூணு வருஷம் லேட். பையைத் திருப்பித் தரச்சே உள்ள வெச்சுக் குடுத்தா யாருக்கு என்ன?”

தராசைக் கொடுத்தேன். முன்னெச்சரிக்கையாக ஓர் அதிகாரக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், சாமான்கள் தொடர்பாக அவர் சார்பில் நான் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று. என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு சந்தோஷம்.

பகல் விமானம். நான் வழியனுப்பக் கூடப் போனேன். வாடகைக் கார் ஓட்டுநர் பையைக் கூரையில் கட்டும்போது, “இன்னா சார் உள்ள, நொச்சிக்குப்பத்துத் துடுப்பா?” என்றார். பனியில் வழுக்கிக்கொண்டு போவதற்கு என்று சொன்னேன். “நம்மூர்ல மழை பேஞ்சா சும்மாவே வழுக்குது. இதுக்குப் போயி கட்டையா?” என்று கயிற்றை இறுக்கினார்.

விமான நிலையத்துக்குள் டிக்கெட் இல்லாதவனுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். இருபது நிமிடத்தில் மாமியின் அழைப்பு.

“சார், மெஷின்ல கூம்பு ரெண்டையும், நீளக் கட்டை ரெண்டையும் சேத்துப் பாத்துட்டு எல்லாரும் ஓடி வந்துட்டா. பிரிச்சுக் காமிச்சேன். கடலை, வெல்லம், தின்னு பாருங்கோன்னேன். ஒருத்தரும் தின்ன மாட்டேங்கறா. இப்போ இந்தப் பொண்ணு வேற என்னவோ சொல்றா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்களே பேசுங்கோ.”

கவுண்டர் பெண் பொறுமைசாலி. “சார், செக்யூரிட்டி ஓகே ஆயிடுச்சு. ஆனா ஸ்கீ பேக்ல ஸ்கீ சாமான் மட்டும்தான் சார் போடலாம். ஆன்ட்டி ஒரு மளிகைக் கடையே வெச்சிருக்காங்க.”

“எந்த விதிப்படி?” என்றேன். எந்த விதி என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். அவள் வரி பிசகாமல் படித்தாள். எனக்கு மரியாதை வந்துவிட்டது.

“சரிம்மா. பூட்ஸ் அதில் அடக்கம்தானே?”

“ஆமா சார்.”

“பூட்ஸ் காலியா இருக்கணும்னு எங்கேயாவது இருக்கா?”

தாள் புரளும் சத்தம் கேட்டது. “அப்படி இல்ல சார்.”

“அப்போ அந்தக் கூம்பு ரெண்டையும் பூட்ஸுக்குள்ள வெச்சுடுங்க. அளவு சரியா இருக்கும்.”

பின்னாலிருந்து மாமியின் குரல் கண்ணாடியைத் தாண்டியே கேட்டது. “சார்! என்ன பேச்சு இது! சம்பந்திக்கு வெக்கற சீரைச் செருப்புக்குள்ள வெச்சா தருவா? அதுக்கு நான் வெறும் பையையே தூக்கிண்டு போவேன்!”

வெறும் பை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. என் யோசனை எவ்வளவு பெரிய தப்பு என்று அதிலிருந்து புரிந்தது. உடனே அடுத்த வாதத்துக்குப் போனேன். சாமான்கள் சேதமாகாதபடி தகுந்த மெத்தைப் பாதுகாப்போடு கட்டுவது பயணியின் பொறுப்பு என்று அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளிலேயே வேறொரு பத்தி சொல்கிறது. அப்படியானால் வேஷ்டியைப் பலகைமேல் சுற்றிவிட்டால் அது சாதனத்தின் பாதுகாப்பு உறை. அது பட்டாக இருக்கக் கூடாது என்று விதி இல்லை. கவுண்டர் பெண் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவருக்கு நான் இரண்டு பத்தியையும் சேர்த்து வாசித்துப் பொருள் சொன்னேன். அவர் ஒரு ஆட்சேபம், நான் ஒரு பதில். முப்பத்தைந்து நிமிடம். கடைசியில் அவர், “சார், வேஷ்டி போகட்டும், நீங்க ஃபோனை வைங்க” என்றார். ஓய்வுபெற்ற பிறகு நான் பெற்ற மிகப் பெரிய வெற்றி.

மாமி வாசல் காவலரிடம் சொல்லி, அப்பளம் முதல் பருப்புத் தேங்காய் வரை எல்லாவற்றையும் என்னிடம் சேர்த்துவிட்டு உள்ளே போனார். சம்பந்தி மரியாதையை அடுத்த இரண்டு வாரம் நானே தின்றேன். பாகு பதமாக இருந்தது.

அங்கே போய் இறங்கியதும் பேசினார். இரண்டு பெட்டிகளும் வந்துவிட்டன. பனிச்சறுக்குப் பை வரவில்லை.

விமான நிறுவனத்திடம் கேட்டபோது ஒரு வரிக் குறிப்பு வந்தது: நீளச் சாமான்களுக்கான வாயில் மூடிய பிறகு பை பெறப்பட்டதால் அந்த விமானத்தில் ஏற்றவில்லை, பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது, தேடுகிறார்கள். வாயில் எப்போது மூடும் என்பதும் அதே நிபந்தனைகளில்தான் இருந்தது. அந்தப் பத்தியை மட்டும் நான் படிக்கவில்லை. என் முப்பத்தைந்து நிமிட வெற்றிதான் பையைத் தவறவிட்டது.

சம்பந்தி வீடு மகள் வீட்டிலிருந்து நான்கு தெரு. முதல் ஞாயிற்றுக்கிழமையே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். மாமி ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார். அன்று மகள் எனக்குப் பேசினாள்.

“அங்கிள், அம்மாவுக்கு ஜலதோஷம் இல்லை. பை வராம அந்த ஆத்து வாசல்ல கால் வெக்க மாட்டாளாம். என் கல்யாணத்துக்கு விசா கெடைக்கலை, இப்போ ஜலதோஷம். அவாள்லாம் என்ன நெனைச்சுப்பா, தங்களைப் பிடிக்கலைன்னுதானே? அடுத்த ஞாயித்துக்கிழமையும் அவ போகலைன்னா நான் டிக்கெட்டை மாத்தி ஊருக்கு அனுப்பிடறேன். அப்பறம் கூப்பிடவும் மாட்டேன். நீங்களே சொல்லிடுங்கோ.”

நான் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை. செய்யக்கூடியதைச் செய்தேன். விமான நிறுவனத்துக்கு முறையான புகார். அடுத்த நாள் நினைவூட்டு. அதற்கடுத்த நாள் அவர்களுடைய மேலதிகாரியின் பெயருக்கு நேர்முகக் கடிதம். பிறகு இரண்டாம் நினைவூட்டு. பழைய அலுவலக நாட்களில்கூட நான் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. அப்போது தவறு என்னுடையதாக இருந்ததில்லை. ஒப்புகை வந்ததே தவிர பதில் வரவில்லை. நாள் குறைந்துகொண்டே வந்தது.

வியாழக்கிழமை மாமி பேசினார்.

“சார், வந்துட்டார்.”

“பையா?”

“பை எங்க வந்தது? சம்பந்தி சார்! தானே வந்துட்டார்!”

மூச்சு வாங்கியது அவருக்கு.

“ஜன்னல்ல நின்னுண்டிருந்தேன். ஒசரமா ஒரு மனுஷர், பனியில நடந்தே வரார். யாரோன்னு பாத்தா கதவைத் தட்டறார். ஜலதோஷம் எப்படி இருக்குன்னு கேட்டார். நேக்கு மானம் போச்சு. இல்லை, ஒங்க பலகையைத் தொலைச்சுட்டேன், அதான் வரலைன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். அதுக்கு அவர், இந்த வருஷம் முழங்காலே சரியில்லை, பலகை எதுக்குங்கறார். மாப்பிள்ளையோட அப்பா சார்! பொண்ணோட அம்மாவைத் தேடிண்டு தானா வரதாவது! மயிலாப்பூர்ல சொன்னா நம்புவாளோ?”

“என்ன கொண்டுவந்தார்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“ஒண்ணுமில்லை. கோட்டுப் பைக்குள்ள கையை விட்டுண்டு வந்தார். நேக்குத் தப்பாவே தோணலை சார். அடைக்குக் கரைச்சு வெச்சிருந்தேன், நாலு சாப்பிட்டார். பொண்ணு சமையல்கட்டு வாசல்லேந்து பாத்துண்டே நின்னா. என் கல்யாணத்தப்போன்னு ஆரம்பிப்பாளோன்னு பாத்தேன். ஆரம்பிக்கலை. அஞ்சாவது அடையை வாத்தா.”

பெண் வீட்டாரைத் தேடி மாப்பிள்ளையின் தகப்பனார் வரும் வழக்கம் இல்லை என்பது அந்தக் கனடாக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாமிக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமி அந்த வீட்டுக்குப் போனார். சாயங்காலம் என்னிடம் பேசியபோது என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லை சார். கையை வீசிண்டு போனேன். பழக்கமில்லையோன்னோ, கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலை.”

மறுநாள் திங்கட்கிழமை, பத்தாம் நாள், பை வந்து சேர்ந்தது. வேஷ்டி பலகையைச் சுற்றியே இருந்தது. சம்பந்தி அதைப் பலகைக்கு உரிய உறை என்றே எடுத்துக்கொண்டு, இன்றுவரை அப்படியே சுற்றி வைத்திருக்கிறாராம். மாமி திருத்தவில்லை. சட்டப்படி பார்த்தால் என் வாதம் சம்பந்திக்கும் சரியென்று பட்டிருக்கிறது.

மூன்று மாதத்துக்குப் போன மாமி அங்கேயே இருந்துவிட்டார். மூன்றாம் மாடியில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள். ஏணியை வாங்கினால் ஏணியை மட்டும் தருகிறார்கள்.

புகாரை நான் கைவிடவில்லை. பை கிடைத்துவிட்டது என்பது வேறு, பத்து நாள் ஏன் ஆயிற்று என்பது வேறு. என் தவறு ஒரு விமானத்தைத் தவறவிட்டதற்கு மட்டுமே பொறுப்பு. மீதி நாட்களுக்கு விளக்கம் வேண்டும். மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பதில் வந்தது, ஒழுங்காகப் பத்தி எண் போட்டு. பை வெள்ளிக்கிழமையே கண்டுபிடிக்கப்பட்டு, சனிக்கிழமை வீட்டில் ஒப்படைக்கத் தயாராக இருந்தது. ஆனால் அதே வெள்ளிக்கிழமை பயணி தாமே தொலைபேசியில் அழைத்து, அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். பயணியின் வேண்டுகோள்படியே செய்யப்பட்டது. எனவே நிறுவனத்தின் தரப்பில் தாமதம் இல்லை என்று கருதி இந்தப் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

இந்தப் பதில் என் கைக்கு வந்த தேதி, ஆனி மாதம் ஒன்பது, புதன்கிழமை.